சிவகங்கைச் சீமைக் கத்தோலிக்க மரபில் தூய வாழ்வு: செபம், தவம், அன்றாடக் கடமை

ஆய்வுச் சுருக்கம்

தூயநிலை துறவியர்க்கே உரியது. இல்லறத்தார் அதனைத் தொலைவிலிருந்து வணங்குவோர் மட்டுமே என்னும் எண்ணம் சமய வாழ்வில் பரவலாகக் காணப்படுவதாகும். சிவகங்கைச் சீமையை உள்ளடக்கிய பழைய மறவர் நாட்டுக் கத்தோலிக்க மரபு இவ்வெண்ணத்திற்கு எவ்வாறு விடை கூறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. செபம், தவம், அன்றாடக் கடமை ஆகிய மூன்றும் தனித்தனி வழிகள் அல்ல. முதலிரண்டின் மெய்ம்மையைக் கடமையே சோதித்துக் காட்டுகிறது என்பது இதன் கருதுகோள். வீரமாமுனிவரின் படைப்புகள், அருளானந்தர், தேவசகாயம் ஆகியோரின் வரலாறுகள், இருபதாம் நூற்றாண்டுத் திருச்சபை ஏடுகள் ஆகியவை இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தூயநிலை, ஒருசந்தி, தவக்காலம், தேம்பாவணி, ஓரியூர், இல்லறம், அந்தஸ்தின் கடமை.

முன்னுரை

காரைக்குடிக்கு அண்மையில் அமைந்துள்ள ஆத்தங்குடி, கையால் வார்க்கப்படும் தரைக் கற்களால் உலகறிந்த ஊராகும். செட்டிநாட்டின் ஏனைய ஊர்களைப் போன்று இதுவும் சிவகங்கை மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அடங்குகிறது. மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து 1987ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட இம்மறைமாவட்டம் சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய இரு மாவட்டங்களையும் தன்னகத்தே கொண்டது. அருளானந்தர் உயிர்துறந்த ஓரியூர், பழமையான பங்காகிய சருகணி, பிரெஞ்சுக் கட்டடக் கலைப் பாங்கில் எழுந்த இடைக்காட்டூர்த் திருஇருதய ஆலயம் ஆகியவை இப்பரப்பில் அமைந்துள்ளன.

இத்தலங்களைப் பற்றிய ஆய்வுகளிற் பல, வரலாறு, கட்டடக்கலை, திருவிழா ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. இம்மண்ணில் வாழும் எளிய நம்பிக்கையாளர் ஒருவர் தம் ஒரு நாள் வாழ்வைத் தூயதாக ஆக்கிக்கொள்ள இம்மரபு எத்தகைய வழியைக் காட்டியது என்னும் வினா தனித்து ஆராயத்தக்கது. வேலைக்குச் செல்வோர், பிள்ளை வளர்ப்போர், நோயாளியைப் பேணுவோர் ஆகியோருக்குத் தூயநிலை எட்டுமா என்பதே இவ்வினாவின் உட்பொருள்.

மண்ணின் நோன்பு மரபும் கத்தோலிக்கச் சொல்லாட்சியும்

செட்டிநாட்டு மண்ணில் நோன்பு புதியதன்று. தைப்பூசத்தையொட்டி நகரத்தார் காவடி சுமந்து பழனிக்கு நடைப்பயணம் மேற்கொள்வதும், பிள்ளையார் நோன்பு நோற்பதும் இன்றளவும் தொடர்கின்றன. வேளாங்கண்ணித் திருவிழாக் காலமாகிய ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் காவியுடை அணிந்து நடந்து செல்லும் கத்தோலிக்கரையும் தமிழகச் சாலைகளில் காணலாம். வழிபடு பொருள் வேறாயினும் உடலை வருத்தி, உணவைக் குறைத்து, வழிநடந்து வேண்டுதலை நிறைவேற்றும் முறை இரு சாராருக்கும் பொதுவாக உள்ளது.

சொல்லாட்சியிலும் இவ்வொற்றுமை உண்டு. நாற்பது நாள் நோன்புக் காலத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் முற்காலத்தில் ‘தபசுகாலம்’ என வழங்கினர். இன்று ‘தவக்காலம்’ என்கின்றனர். ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்ளும் நோன்பு ‘ஒருசந்தி’ எனவும், புலால் விலக்கல் ‘சுத்தபோசனம்’ எனவும் பழைய ஞானோபதேச நூல்களில் குறிக்கப்பட்டன. இவற்றுள் ‘ஒருசந்தி’ தமிழகத்தின் பொது நோன்பு வழக்கிலிருந்து பெறப்பட்ட சொல். ‘தவம்’ என்னும் சொல்லும் அத்தகையதே. அச்சொல்லோடு தமிழர் அதற்கு அளித்திருந்த பொருளும் கத்தோலிக்க வாழ்வினுள் நுழைந்தது என்பது கருதத்தக்கது.

திருக்குறளின் ‘தவம்’ அதிகாரம், தனக்கு நேரும் துன்பத்தைத் தாங்குதலோடு பிற உயிரை வருத்தாமையையும் தவத்தின் இலக்கணத்துள் அடக்குகிறது. ‘இல்வாழ்க்கை’ அதிகாரமோ அறவழி வழுவாத இல்லறத்தானைத் தவம் முயல்வோரினும் உயர்ந்தவனாக மதிக்கிறது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் இவ்விரு கருத்துகளையும் நன்கறிந்தவர். அவருடைய படைப்புகளில் துறவும் இல்லறமும் எதிர்நிலைகளாக மட்டும் நில்லாமைக்கு இவ்வறிவும் ஒரு பின்புலமாகும்.

செபம்: வேலை நேரத்தோடு இணைந்த வழிபாடு

துறவு மடங்களில் நாளின் வெவ்வேறு பொழுதுகளில் திருப்பாடல்களை ஓதும் முறை தொன்மையானது. நிலத்தில் உழைப்போர்க்கு இம்முறை இயலாதது. எனவே இல்லறத்தாரின் செபமுறைகள் வேறு வடிவம் பெற்றன. திருப்பாடல்கள் 150. அவற்றைப் படிக்க இயலாதோர் அவற்றுக்கு ஈடாக 150 முறை மங்கள வார்த்தைச் செபத்தைச் சொல்லும் வழக்கம் செபமாலையாக வளர்ந்தது. எழுத்தறிவு இல்லாதாரின் திருப்பாடல் நூல் எனச் செபமாலையைக் கூறலாம். இரண்டாம் யோவான் பவுல் 2002ஆம் ஆண்டு ஒளியின் மறைபொருள்களைச் சேர்க்கும் வரை இவ்வெண்ணிக்கை ஒப்புமை நீடித்தது.

மூவேளைச் செபமும் இத்தகையதே. காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதுகளிலும் ஆலய மணி ஒலிக்கும்போது, நின்ற இடத்திலேயே சொல்லத்தக்க சிறிய செபம் இது. வேலையை விட்டு ஆலயத்திற்கு வருமாறு இது எவரையும் அழைப்பதில்லை. வேலையின் நடுவே சிறிது நின்று, இறைமகன் மனிதரானதை நினைந்து, மீண்டும் வேலையைத் தொடருமாறு பணிக்கிறது. இறைமகன் மனித உழைப்பினுள் புகுந்தார் என்னும் செய்தியை உழைப்பின் இடைவேளையில் நினைவுகூர்தல் பொருத்தமுடையதாகும்.

மறவர் நாட்டில் மறைப்பணியாற்றியோர் பெரும்பாலும் இயேசு சபையினர். அச்சபையின் நிறுவுநராகிய இஞ்ஞாசியார் நாள்தோறும் மனச்சான்றை ஆராய்ந்து பார்க்கும் ஆன்ம சோதனையை வற்புறுத்தியவர். எல்லாவற்றிலும் இறைவனைக் காண்பதே அவர்தம் ஆன்மிகத்தின் உயிர்நாடி. ஆன்ம சோதனையின் பொருள் அன்றாட நடத்தையே. காலையில் எவரிடம் சினந்து பேசினோம், எந்தக் கடமையைத் தட்டிக் கழித்தோம், எவருக்குரிய கூலியைத் தாழ்த்தினோம் என்பன போன்ற வினாக்கள் செபத்தினுள் இடம்பெறுகின்றன. இவ்வாறு செபம் கடமையிலிருந்து தப்பிச் செல்லும் இடமாகாமல், கடமைக்குக் கணக்குக் கொடுக்கும் இடமாகிறது. பிரான்சில் பிறந்து, சருகணியில் நெடுங்காலம் பணியாற்றி, 1973ஆம் ஆண்டு அங்கேயே மறைந்த லெவே அடிகளாரை அப்பகுதி மக்கள் இன்றும் செப வாழ்வுக்காகவும் ஏழை மக்கள்பால் காட்டிய பரிவுக்காகவும் சேர்த்தே நினைவுகூர்கின்றனர். இறை ஊழியராக ஏற்கப்பட்டுள்ள அவரிடத்து இவ்விரண்டும் பிரித்துக் காண இயலாதனவாக இருந்தன.

தவம்: உணவைக் குறைத்தலும் அநீதியை விலக்கலும்

இன்றைய திருச்சபைச் சட்டத்தொகுப்பு (1983) ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளையும் தவக்காலத்தையும் தவ நாள்களாக வரையறுக்கிறது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பும் புலால் விலக்கலும் கடைப்பிடிக்கப்படும் நாள்களாகும். புலால் விலக்கல் 14 வயது நிறைந்தோரையும், நோன்பு 18 வயது நிறைந்தோர் முதல் 60ஆம் அகவையைத் தொடங்கும் வரை உள்ளோரையும் கட்டுப்படுத்தும். பழங்கால நடைமுறையோடு ஒப்பிடுகையில் இவ்விதிகள் எளியவை. இவ்வெளிமை தவ உணர்வின் தளர்ச்சியா என்னும் வினா எழலாம்.

இவ்வினாவுக்கு விடையாக அமைவது ஆறாம் பவுல் 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று வெளியிட்ட ‘பெனித்தேமினி’ என்னும் திருத்தூதுக் கட்டளையாகும். இவ்வேடு உணவு பற்றிய விதிகளைத் தளர்த்துவதோடு நில்லாமல் தவத்தின் பொருளை விரிவாக்குகிறது. ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை நிலைக்குரிய கடமைகளில் உறுதியாக நிலைத்திருத்தல், தம் வேலையாலும் பிறரோடு கூடி வாழ்வதாலும் எழும் இடர்களை ஏற்றல், வாழ்வின் நிலையாமையால் வரும் சோதனைகளைப் பொறுத்தல் ஆகியவை தவத்தின் முதன்மையான வடிவங்களாக இதில் சுட்டப்படுகின்றன. தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் ‘அந்தஸ்தின் கடமைகள்’ எனப்படுவன இவையே.

இவ்வேட்டின் மற்றொரு கூறும் குறிப்பிடத்தக்கது. செல்வம் மிகுந்த நாடுகளில் வாழ்வோர் உலகப் போக்கில் மூழ்காதிருக்கத் தன்னொறுத்தலைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்றும், வறுமை மிகுந்த இடங்களில் வாழ்வோர் தம் துன்பத்தை இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பதோடு சமூக நீதிக்காகவும் உழைக்க வேண்டும் என்றும் அது வேறுபடுத்துகிறது. வானம் பார்த்த பூமியாகிய சிவகங்கை, இராமநாதபுரப் பகுதிகளுக்கு இவ்வேறுபாடு மிகப் பொருந்தும். கண்மாய் வறண்ட ஆண்டில் ஒருவேளை உண்பவர்க்கு ஒருசந்தியை விதிப்பது பொருளற்றதாகும். அவருடைய பசியைப் போக்க முயல்வதே வசதி படைத்தவர்க்குரிய தவமாகும்.

விவிலியமும் இதனையே வலியுறுத்துகிறது. நோன்பு நாளில் தம் வேலையாள்களை வருத்தியோரை எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் கடிகிறது. கட்டுண்டோரை விடுவித்தலையும் பசித்தோர்க்கு உணவளித்தலையும் இறைவன் விரும்பும் நோன்பாகக் காட்டுகிறது. உழைத்தவர்க்குக் கொடாது பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு திருமுகம் கூறுகிறது. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் ஈகை, செபம், நோன்பு ஆகிய மூன்றையும் பிறர் காணாதவாறு செய்யப் பணிக்கிறது. பிற உயிரை வருத்தாமையும் தவமே என்னும் குறள் நெறியோடு இவை நன்கு இயைகின்றன. எனவே, பிறர்மீது துன்பத்தைச் சுமத்திக்கொண்டே தன் உணவைக் குறைப்பவர் நோற்பது தமிழ் மரபின்படியும் கிறித்தவ மரபின்படியும் தவம் ஆகாது.

கடமை: தேம்பாவணியின் வளனும் வேதியர் ஒழுக்கமும்

தமிழில் கடமைசார் தூயநிலையின் மிகப் பெரிய இலக்கிய வடிவம் தேம்பாவணியாகும். மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இக்காப்பியத்தின் தலைவர் புனித சூசையப்பர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரில் உள்ள ‘பெருகுக’ என்னும் பொருளைத் தழுவி அவருக்கு ‘வளன்’ எனப் பெயரிட்டார் வீரமாமுனிவர்.

இத்தலைவர் தேர்வு எண்ணிப் பார்க்கத்தக்கது. தமிழ்ப் பெருங்காப்பியத் தலைவர்கள் பெரும்பாலும் அரசரோ வணிகரோ ஆவர். வளனோ தாவீதின் குலத்தவராயினும் தச்சுத் தொழில் செய்து குடும்பம் காத்தவர். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அவர் செய்தவை மட்டுமே கூறப்படுகின்றன. மனைவியை ஏற்றல், குழந்தைக்குப் பெயரிடல், இரவோடிரவாக எகிப்துக்கு அழைத்துச் செல்லல், காணாமற்போன சிறுவனைத் தேடல் ஆகிய அனைத்தும் குடும்பத் தலைவரின் கடமைகளே. தேம்பாவணியில் இளம்பருவத்திலேயே துறவை விரும்பும் வளன், மக்கள் நடுவே வாழ்ந்து அறம் புரிவதன் மேன்மை உணர்த்தப்பெற்று மீள்கிறார். துறவு உள்ளத்தை இழக்காமலே இல்லறத்தை ஏற்கும் தலைவர் இவ்வாறு உருவாகிறார். துறவியாகிய வீரமாமுனிவர் இல்லறத்தார் ஒருவரைத் தம் பெருங்காப்பியத்தின் தலைவராக்கியமை, தூயநிலைக்கு மடத்தின் சுவர் எல்லையன்று என்பதற்குச் சான்றாகும்.

அவர் உரைநடையில் இயற்றிய ‘வேதியர் ஒழுக்கம்’ இதே நோக்கின் நடைமுறை வடிவமாகும். ‘வேதியர்’ என்பது இங்கு உபதேசியாரைக் குறிக்கும். குருக்கள் ஆண்டுக்கு ஓரிருமுறை மட்டுமே வந்து செல்லக்கூடிய ஊர்களில் செபம் சொல்லுதல், குழந்தைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தல், சாகும் தறுவாயில் உள்ளோரைத் தேற்றுதல் ஆகியவற்றை மேற்கொண்டவர்கள் இவ்வுபதேசியார்களே. குடும்பம் உடைய இவர்களிடம் நூலாசிரியர் எதிர்பார்ப்பது கல்வித் திறனை மட்டுமன்று. கற்பிப்பவர் தாமே அதன்படி ஒழுக வேண்டும் என்பதே நூலின் அடிநாதம்.

உழைப்பைத் தூயநிலையோடு இணைக்கும் இந்நோக்குப் பின்னர்த் திருச்சபை முழுமைக்கும் உரிய வழிபாட்டு வடிவம் பெற்றது. பன்னிரண்டாம் பயஸ் 1955ஆம் ஆண்டு மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். உழைப்பின் இத்தன்மையை விளங்கிக்கொள்ள ஆத்தங்குடித் தொழில் துணைசெய்யும். அங்குத் தரைக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் பூவேலைச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் கலந்த கலவையை இட்டு அழுத்தி, பின் நீரில் ஊறவைத்து உலர்த்துகின்றனர். பூவேலை அமைந்த முகம் கண்ணாடியை நோக்கிக் கீழே இருக்கும். தொழிலாளர் தம் கையின் செம்மையைக் கல்லைப் பிரித்த பின்னரே முழுதும் காண்கிறார். யாரும் பாராத நிலையிலும் அளவும் பொறுமையும் தவறாது உழைத்தலே இங்குத் தொழில் ஒழுக்கமாகும். மத்தேயு நற்செய்தி கூறும் மறைவான நோன்புக்கும் இவ்வொழுக்கத்திற்கும் உள்ள உறவு எளிதில் புலப்படும்.

இல்லறம் சான்றாகும் இடம்: அருளானந்தரும் தேவசகாயமும்

ஓரியூர் நினைவூட்டும் அருளானந்தர் துறவி. 1647ஆம் ஆண்டு லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, தமிழகத்தில் பண்டாரசாமியாகக் காவியுடை உடுத்தி, புலால் நீக்கி, கடுந்தவ வாழ்வு வாழ்ந்தவர். எனினும் அவருடைய இறப்புக்குக் காரணமானது துறவு பற்றிய வினா அன்று. இல்லறம் பற்றிய வினாவே. மறவர் நாட்டுத் தலைவர்களுள் ஒருவராகிய தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்னும் நிபந்தனையை அருளானந்தர் வைத்தார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அவர் முறையிட்டதைத் தொடர்ந்து கிழவன் சேதுபதியின் ஆணையால் அருளானந்தர் சிறைப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கொல்லப்பட்டார். 1947ஆம் ஆண்டு அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

இந்நிகழ்வு இருவகையில் நோக்கத்தக்கது. துறவி ஒருவர் இல்லறத்தின் ஒழுங்கிற்காக உயிர் கொடுத்தார். ஆகவே இல்லறம் அவர் கண்ணில் குறைந்த நிலையாக இல்லை என்பது ஒன்று. ஒருவரின் மனமாற்றத்தால் வாழ்வு குலைந்த பெண்களின் துயரமும் இவ்வரலாற்றின் பகுதியே என்பது மற்றொன்று. ஒருவர் தம் தூயநிலையைத் தேடும்போது அவரைச் சார்ந்திருப்போர்க்கு ஆற்ற வேண்டிய கடமை எது என்னும் வினாவை ஓரியூர் இன்றும் எழுப்புகிறது. புனிதர் வரலாற்றைப் போற்றுவதோடு இவ்வினாவையும் எதிர்கொள்வதே ஆய்வு நேர்மையாகும்.

இதனோடு ஒப்பிடத்தக்கது தேவசகாயத்தின் வரலாறு. 1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த இவர் திருவிதாங்கூர் அரசின் அலுவலர், திருமணமானவர். குளச்சல் போரில் சிறைப்பட்டு மார்த்தாண்ட வர்மரின் படையில் பணியேற்ற டச்சுப் படை அதிகாரி தெ லனாய் வாயிலாக விவிலியத்தின் யோபு வரலாற்றைக் கேட்டறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூ என்னும் பெயரில் அவ்வழியை ஏற்றார். 1749இல் சிறைப்பட்டு, பல துன்பங்களுக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பெற்ற அவர், இந்தியாவின் பொதுநிலையினருள் முதல் புனிதராவார். சாதி வேறுபாடு பாராது எல்லாரோடும் பழகியமையும் அவருடைய சான்று வாழ்வின் கூறாகப் போற்றப்படுகிறது. அவரைத் தொட்ட விவிலியப் பகுதி துறவியரைப் பற்றியதன்று. சொத்தையும் மக்களையும் இழந்த குடும்பத் தலைவர் ஒருவரைப் பற்றியது. இல்லறத்தின் இழப்புகளே அவருக்கு இறையறிவின் வாயிலாயின.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் ஐந்தாம் அதிகாரம், தூயநிலைக்கான அழைப்பு அனைவருக்கும் உரியது என உறுதியாகக் கூறியது. இல்லறத்தார், கைம்பெண்கள், உழைப்பாளர், நோயாளிகள் ஆகியோர் அங்கே தனித்தனியே சுட்டப்பெறுகின்றனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டு சூசையப்பர் விழாநாளாகிய மார்ச் 19ஆம் நாளிட்டு எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், பிள்ளைகளைப் பொறுமையோடு வளர்க்கும் பெற்றோரையும் குடும்பத்திற்காக உழைப்போரையும் அண்டை வீட்டுப் புனிதர்களாகக் கண்டார். தேம்பாவணி பதினெட்டாம் நூற்றாண்டில் காப்பியமாகக் காட்டியதற்கும் சங்கம் கொள்கையாக உரைத்ததற்கும் இடையே உள்ள இயைபு தெளிவானது.

கடமை ஆன்மிகத்தின் இடர்

கடமையே தவம் என்னும் கருத்துக்கு ஓர் இடர் உண்டு. ஒடுக்கப்படுவோரிடம் அது கூறப்படும்போது, ஒடுக்குமுறையைத் தாங்கிக்கொள்ளும் அறிவுரையாக மாறிவிடலாம். குறைந்த கூலி பெறுபவரிடம் ‘இது உமக்கு வந்த சிலுவை’ எனலும், வீட்டு வேலை முழுவதையும் தனித்துச் சுமக்கும் பெண்ணிடம் அதனையே தூயநிலையின் வழியாகப் புகழ்தலும் இத்தகையவை. இங்குச் சுமப்பவர் ஒருவராகவும் அச்சுமையைப் போற்றுபவர் வேறொருவராகவும் உள்ளனர்.

இவ்விடரை நீக்கும் அளவுகோல் மேற்கண்ட சான்றுகளிலேயே உள்ளது. தவம் ஒருவர் தாமே ஏற்பது, பிறர்மீது விதிப்பதன்று. கடமை இருபாலார்க்கும் உரியது; தேம்பாவணியின் வளன் குடும்பச் சுமையைத் தாமே ஏற்றவர். உழைப்பவருக்குப் பொறுமை கடமையாயின், உழைப்பைப் பெறுபவருக்கு நேரிய கூலி அதனினும் முந்தைய கடமையாகும். எசாயாவின் கண்டனம் நோன்பிருந்த முதலாளியை நோக்கியது என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. சிவகங்கைச் சீமைக் கத்தோலிக்கரின் நோன்பு மரபு, தமிழ் மண்ணின் தவ மரபோடு சொல்லாலும் பொருளாலும் உறவுடையது. செபமாலையும் மூவேளைச் செபமும் ஆன்ம சோதனையும் உழைப்போரின் நாளுக்கு ஏற்ப அமைந்த வழிபாட்டு வடிவங்கள். உணவு விலக்கல் தவத்தின் தொடக்கமே. கடமையில் நிலைத்தலும் பிறருக்குத் தீங்கு செய்யாமையும் அதன் நிறைவு. வளன், தேவசகாயம் ஆகிய இல்லறத்தார் தூயநிலையின் முழுமையான சான்றுகளாக இம்மரபில் ஏற்கப்பட்டுள்ளனர். துறவியாகிய அருளானந்தரின் சான்றும் இல்லற ஒழுங்கோடு பிணைந்தே நிற்கிறது.

ஆகவே செபமும் தவமும் எவ்வளவு நீண்டன, எவ்வளவு கடுமையாயின என்பதைக் கொண்டு மட்டும் தூயநிலையை அளத்தல் இயலாது. அவற்றை முடித்து வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் திரும்பும் ஒருவரால் அங்கிருப்போர் அடையும் நன்மையே அதற்குரிய அளவாகும். உபதேசியார் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகள், தவக்கால வழக்கங்களில் பெண்களின் பங்கு ஆகியவை இவ்வகையில் மேலும் ஆராயத்தக்க களங்களாகும்.